நாலாம் பாட்டில் கதிரைச் சத்தம்

டொலறஸ் கடைசியாக என் வீட்டுக்கு வந்தது ஒரு வெறும் டப்பாவைத் திருப்பித் தருவதற்காக.

இரண்டு லீற்றர் ஐஸ்கிறீம் டப்பா. சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். வாசலில் நின்றபடியே நீட்டினாள். குடையைக்கூட மடக்கவில்லை.

"கழுவிப்போட்டன், அண்ணை."

"உள்ள வாவன். தேத்தண்ணி போடுறன்."

"ரெயினுக்கு நேரமாச்சு."

சட்டன் ஸ்டேசனில் ரிக்கற் விற்பவன் நான். அவளுடைய ரெயினுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

எங்கள் ஆட்கள் ஒரு வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பிடி சீனி, இரண்டு தேசிக்காய், ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு நெட்டுக் கறிவேப்பிலையாவது போட்டுக் கொடுப்போம். ஐந்து வருடமாக நான் மாதம் ஒருமுறை மீன்குழம்பு வைத்து இல்ஃபோர்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐந்து வருடமாக டப்பா வெறுமையாகவே வந்தது.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம், வேலைத்தலத்தில், தலை இடிக்கிறது என்று மேசையில் கவிழ்ந்தவள் எழும்பவில்லை. நாற்பத்தொரு வயது. 1994 பெப்ரவரி.

அவளை அடக்கம் செய்த நாளோடு போன கிழமை இந்தத் தொடரை நிறுத்தியிருந்தேன். இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாங்கள் மூன்று பேர். பார்க்கிங் என்ற ஊரில் இருக்கும் மூத்தவள் லூர்தம்மா அக்கா, நான் எட்வேட், கடைசியாக டொலறஸ். மன்னாரில் பிறந்து, ஒருவர் பின் ஒருவராக லண்டன் வந்தவர்கள். டொலறஸ் தானே பாட்டெழுதித் தானே கிற்றார் வாசித்துப் பாடுவாள். 'மடு றோட்' என்ற அவளுடைய இசைத்தட்டு 1989இல் வெளிவந்தது. மீன்பிடிகாரரின் மெட்டுகளுக்குக் கீழே அமெரிக்க நாட்டுப்புறத்து ஸ்டீல் கிற்றார் இழுபட்டு அழும். அரைவாசிப் பாட்டு தமிழ், அரைவாசி ஆங்கிலம். வெள்ளைக்காரப் பத்திரிகைகள் மூன்று நான்கு அதைத் தலையில் தூக்கிவைத்தன. ஒன்று, அந்த வருடத்தின் மிகச் சிறந்த தட்டுகளில் ஒன்று என்று எழுதியது. எங்கள் ஆட்களில் அதை முழுதாகக் கேட்டவர்கள் முப்பது பேர் இருப்பார்களோ தெரியாது. ஆனால் கடைசிப் பாட்டைப் பற்றிக் கதைக்காதவர் இல்லை.

போன கிழமை ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அதைச் சொல்லாமல் இன்றைய கதையைச் சொல்ல முடியாது.

1988 ஒக்ரோபரில் மன்னாரில் அம்மா செத்துப்போனா. ஊரடங்கு என்பதால் அன்றைக்கே அடக்கம் செய்துவிட்டார்கள். கொழும்பிலிருந்து செபமாலைமுத்து மாமா ரெலிபோன் எடுத்தார். எடுத்தது என் வீட்டுக்கு. டொலறஸ் அப்போது என் வீட்டில்தான் தங்கியிருந்தாள். சட்டனில் ஒரு நிலக்கீழ் அறையில் அவளுடைய தட்டு பதிவாகிக்கொண்டிருந்தது. ஏழு வருடம் காத்திருந்து கிடைத்த பன்னிரண்டு நாள் அது. மாமாவின் போன் முதல் நாளே வந்தது.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சாவை நாங்கள் ஒரேயடியாகச் சொல்வதில்லை. முதலில் சுகமில்லை என்போம். பிறகு கொஞ்சம் கடுமை என்போம். நானும் அப்படி மெல்ல மெல்லச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். இந்தப் பாட்டு முடியட்டும், அடுத்த பாட்டு முடியட்டும் என்று பதினொரு நாள் போய்விட்டது. பின்னேரம் அவள் களைத்து வருவாள். நான் சோறு போடுவேன்.

பதினோராம் நாள் சொன்னபோது, "எப்ப தெரியும்?" என்று லூர்தம்மா அக்கா கேட்டா. என் வாயில் வந்தது இதுதான்: "எனக்கு இண்டைக்குத்தான். போன் சூசை வீட்டுக்குத்தான் வந்தது. அவர்தான் சொல்லாமல் வைச்சிருந்தவர்."

சூசைதாசன், டொலறஸின் புருசன். இல்ஃபோர்டில் தனியாக இருந்து வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த மனிதர். ஒருமுறை மறுத்தார். ஒருவரும் நம்பவில்லை. பிறகு அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒன்பது பாட்டோடு முடிந்த தட்டுக்கு டொலறஸ் பத்தாவதாக ஒன்றைச் சேர்த்தாள்.

*சோறு போட்டான், குழம்பு விட்டான்,*
*இன்னும் ஒரு துண்டு மீன் வைக்கட்டோ எண்டான்.*
*பதினொரு நாள் தன் வாய்க்குள்ள வைச்சிருந்தான்*
*என்ர அம்மாவின்ர சாவை.*

ஆளின் பெயர் அதில் இல்லை. ஊர் சூசையின் பெயரைப் போட்டு நிரப்பிக்கொண்டது. அந்தப் பதினொரு நாளும் அவள் யார் வீட்டில் சாப்பிட்டாள் என்று ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இனி, அவள் செத்த முப்பத்தோராம் நாள்.

பூசை முடிந்து கோயில் மண்டபத்துக்கு வந்தோம். இல்ஃபோர்டில், மார்ச் மாதம், உள்ளே ஹீற்றர் வேலை செய்யவில்லை. எல்லோரும் கோட்டோடு இருந்து சாப்பிட்டார்கள். கதவடியில் அக்கா நின்று நினைவுமலரைக் கொடுத்துக்கொண்டிருந்தா. அட்டையில் கிற்றாரோடு டொலறஸ். உள்ளே அவளுடைய பாட்டுகள் எல்லாம் அச்சாகியிருந்தன.

எண்ணிப் பார்த்தேன். ஒன்பது இருந்தன.

"பத்தாவது எங்க, அக்கா?"

"நான்தான் வேண்டாமெண்டன். பூசை வைச்ச கையோட புருசனைத் திட்டுற பாட்டைச் சனத்திட்டக் குடுக்கச் சொல்லுறியோ?"

"அவள் எழுதினதெல்லோ."

"எழுதினவள் போயிட்டாள். மிச்சம் இருக்கிறது நாங்கள். அவன்ர மூஞ்சையைப் பாக்கவே எனக்கு வயிறு எரியுது. ஆனா ஊர் சிரிக்க விடமாட்டன்."

அவ சொன்ன 'அவன்' நான்கு கதிரை தள்ளித்தான் இருந்தார். கேட்டிருக்கும். வடையைப் பிய்த்து வாயில் போட்டார்.

அவருக்குப் பக்கத்தில் கொலின் இருந்தார். தட்டு வெளியிட்ட சின்னக் கம்பனியின் முதலாளி. நெட்டையான, காதில் வளையம் போட்ட வெள்ளைக்காரர். றோல்ஸைக் கத்தியாலும் முள்ளாலும் வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மடியில் ஒரு மஞ்சள் கோப்பு.

'மடு றோட்' இனி சீடியாக வரப்போகிறது. உரிமை இப்போது சூசைக்கு. திங்கட்கிழமைக்குள் அவர் கையெழுத்து வேண்டும். பத்துப் பாட்டையும் போடுவதா, குடும்பம் விரும்பினால் ஒன்பதோடு நிறுத்துவதா என்பதையும் அதில் எழுதித் தரவேண்டும். இந்த ஒன்பது யோசனையைக் கொலினுக்குச் சொல்லிக்கொடுத்தது அக்காதான். இரண்டு கிழமையாக அவருக்குப் போன் எடுத்துக்கொண்டிருந்தா.

இன்னொரு விசயம் என்று கொலின் என்னைப் பார்த்துச் சொன்னார். இப்போதெல்லாம் கம்பியூட்டரில் தேவையில்லாத சத்தங்களை எடுத்துவிடலாம். நாலாம் பாட்டில் அந்தக் கதிரை முனகுகிறதே, அதையும் எடுத்துவிடட்டா?

கையிலிருந்த சாப்பாட்டுத் தட்டை மேசையில் வைத்தேன்.

அக்கா கோப்பைத் திறந்து, பேனையின் மூடியைக் கழற்றி, சூசைக்கு முன்னால் வைத்தா.

"சூசை, ஒன்பது எண்டு எழுதிக் கையெழுத்துப் போடும். உமக்கும் நல்லது. எங்களுக்கும் நல்லது."

"எனக்கு என்ன நல்லது, அக்கா?"

"உம்மட வண்டவாளம் சீடியில ஏறாது. அது நல்லதில்லையோ?"

இரண்டு மேசைக்கு அங்கால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சூசை பேனையைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார்.

"மச்சான் என்ன சொல்லுறார்? அவரும் கூடப்பிறந்தவர்தானே."

"ஓம், நீயும் சொல்லு எட்வேட்," என்றா அக்கா. "வாயில என்ன கொழுக்கட்டையே?"

இந்த இடத்தை நான் பல தரம் எழுதி எழுதி அழித்தேன். அழகாக ஏதாவது செய்ததாக எழுத ஆசைதான். செய்யவில்லை. ஒரு சொல் சொன்னால் அந்தப் பாட்டு சீடியில் ஏறாமல் மெல்ல உலகத்திலிருந்து போய்விடும். மாமாவும் செத்து மூன்று வருடம். பிறகு ஒருவருக்கும் ஒன்றும் தெரியவராது.

"ஒன்பது காணும்," என்றேன்.

சூசை சிரித்தார். முப்பத்தொரு நாளில் அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

"வாரும் மச்சான். தேத்தண்ணிக் கேத்தலைத் தூக்க ஒரு ஆள் வேணும்."

மண்டபத்துக் குசினியில் ஒருவரும் இல்லை. பெரிய கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் கதவைச் சாத்தினார்.

"உம்மட மீன்குழம்பு நல்லா இருக்கும்," என்றார். "கொஞ்சம் புளி கூட. மற்றபடி நல்லம்."

நான் கோப்பைகளை அடுக்கினேன்.

"அவள் ஒருநாளும் தொட்டும் பாக்கேல்லை. தெரியுமோ உமக்கு? ஐஞ்சு வருசம். நான்தான் திண்டனான். நீர் வாசல்ல டப்பாவோட நிண்டா, வாங்கி மேசையில வைச்சிட்டு அறைக்குள்ள போயிடுவாள்."

"பேந்து ஏன் வாங்கினவள்?"

"நீர் என்ன கொண்டு வாறீர் எண்டு பாக்க. ஒரு நாளைக்கெண்டாலும் மீனை விட்டிட்டு வேற ஏதும் கொண்டு வருவீரோ எண்டு."

கேத்தல் மூடி அடித்துக்கொண்டது. அவர் நெருப்பைக் குறைத்தார். அவசரமே இல்லை அவரிடம்.

"மாமா எனக்கொரு கடிதம் போட்டவர், மச்சான். அந்த மார்கழியே. 'செய்தி கிடைச்ச அண்டே எட்வேட்டுக்குச் சொல்லிப்போட்டன்' எண்டு எழுதியிருந்தார். அவள் அதை நாலு தரம் வாசிச்சாள். பேந்துதான் கிற்றாரை எடுத்தவள்."

"அப்ப ஏன் ரெண்டு பேரும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"அவள் சொல்லப்போறன் எண்டுதான் வெளிக்கிட்டவள். நான்தான் மறிச்சனான். ஏனெண்டா, எத்தினை வருசத்துக்கு உம்மட வாய் மூடியிருக்குமெண்டு பாக்க எனக்கு ஆசை. கலியாண வீடுகளில என்னைக் கண்டிட்டுச் சனம் எழும்பிப் போகும். நீர் பக்கத்தில இருந்து கறி பரிமாறுவீர். நான் உம்மையே பாத்துக்கொண்டிருப்பன்." குரலை உயர்த்தவே இல்லை. "உம்மட மீனையும் திண்டு, உம்மட பழியையும் சுமந்தன். இண்டைக்கு என்ர மனுசியின்ர முப்பத்தொண்டு. இண்டைக்கெண்டாலும் சொல்லுவீரெண்டு நினைச்சன். 'ஒன்பது காணும்' எண்டீர்."

"சூசை..."

"என்ர பேரைச் சொல்லாதையும். கேத்தலைத் தூக்கும்."

தூக்கினேன். மண்டபத்துக்குள் கொண்டுவந்து வைத்தேன். கை சுட்டது. அக்கா இன்னும் பேனையோடு அங்கேயே நின்றா. கொலின் மூன்றாவது றோல்ஸை வெட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, போன் வந்தது எனக்கு."

"என்ன போன்?"

"அம்மா செத்த போன். மாமா எனக்குத்தான் எடுத்தவர். முதல் நாளே. சூசைக்கு ஒண்டும் தெரியாது. அந்தப் பாட்டில சோறு போடுறவன் நான்தான்."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் பக்கத்து மேசையில் ஒரு கரண்டி விழுந்தது.

அக்கா என் முகத்தைப் பார்த்தபடியே பேனை மூடியைப் போட்டா. அது சரியாகப் பூட்டும்வரை அழுத்தினா.

"என்னட்டையும் மறைச்சனீ."

"ஓம்."

"அந்தப் பதினொரு நாளுக்குள்ள யோகராஜாவின்ர மகளின்ர கலியாணம் வந்தது."

"ஓம், அக்கா."

"நான் சிவப்புக் கூறைச்சீலை உடுத்தி, தலை நிறையப் பூ வைச்சுக்கொண்டு போனன். அம்மா குழிக்குள்ள கிடக்க. அந்தப் போட்டோவை நான் கிழிக்கேல்லை. சூசை எனக்குச் செய்த அநியாயத்துக்குச் சாட்சியா இருக்கட்டுமெண்டு அலுமாரியில வைச்சிருக்கிறன். அதில எனக்குப் பக்கத்தில ஆர் நிக்கிறதெண்டு தெரியுமோ?"

தெரியும்.

"நீ நிக்கிறாய். என்ர தோளில கை போட்டுக்கொண்டு நிக்கிறாய். பல்லுத் தெரியச் சிரிக்கிறாய்."

அடிப்பா என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லாயிருக்கும். மேசையில் நான் விட்டுப்போன சாப்பாட்டுத் தட்டை அக்கா எட்டி எடுத்தா. பாதி வடையும் கொஞ்சம் சோறும் இருந்தன. குப்பைப் பையில் தட்டிவிட்டு, வெறும் தட்டை என் கையில் தந்தா.

"இது என்ர தங்கச்சியின்ர முப்பத்தொண்டுச் சாப்பாடு. இதில உனக்குப் பங்கில்லை. போ."

பிறகு சூசை பக்கம் திரும்பினா. ஏதோ சொல்ல வாய் எடுத்தா. அவர் கையைத் தூக்கி மறித்தார்.

"வேண்டாம் அக்கா. உங்களுக்கு என்னில கோபம் பிடிக்க ஐஞ்சு நிமிசமும் எடுக்கேல்லை. மன்னிப்பும் அதே கெதியில வேண்டாம்."

அக்காவின் முகம் அப்படியே கறுத்துப்போனது. அவரை அவ அதுவரை வெறுத்தது ஒரு மாதிரி. அந்த நிமிடத்திலிருந்து வேறு மாதிரி என்று எனக்குத் தோன்றியது. பிழை செய்தவனை வெறுப்பது லேசு. நம் பிழையைக் காட்டிக்கொண்டு முன்னால் நிற்பவனை என்ன செய்வது?

கொலின் யாராவது தனக்கு என்ன நடந்தது என்று சொல்வார்களா என்று கேட்டார். ஒருவரும் சொல்லவில்லை. ஒன்பதா பத்தா என்றாவது சொல்லுங்கள் என்றார்.

சூசை படிவத்தை எடுத்து, நான்காக மடித்து, கோட்டின் உள்பையில் வைத்தார். கையெழுத்து இல்லை. போகும்போது என் அருகில் நின்றார்.

"திங்கட்கிழமை காலமை எத்தினை மணிக்குக் கவுண்டர் திறப்பீர்?"

"ஆறரைக்கு."

"வருவன். உமக்கு முன்னால வைச்சு எழுதுறன். பத்தெண்டோ, ஒன்பதெண்டோ." கொஞ்சம் நின்று, "மாமாவின்ர கடிதத்தையும் கொண்டு வாறன். அதில நான் உமக்குச் சொல்லாத பக்கம் ஒண்டு இருக்கு."

போய்விட்டார்.

நான் வெறும் தட்டோடு மண்டபத்தின் நடுவில் நின்றேன். வாங்க ஒருவரும் வரவில்லை. கழுவி அடுக்கிவிட்டு, பின்கதவால் வெளியே வந்தேன்.

சட்டனுக்கு வந்து சேர மூன்று மணி. மேல்கோட்டைக் கழற்றவில்லை. குசினி மேசையில் அந்த ஐஸ்கிறீம் டப்பா, அவள் தந்த அன்று வைத்த இடத்திலேயே இருந்தது. 'மடு றோட்'டை எடுத்து, முதல் பக்கம், நாலாம் பாட்டில் ஊசியை வைத்தேன்.

அந்தப் பாட்டு பதிவானது மாமாவின் போன் வந்து மூன்றாம் நாள். அறைக்குள் ஆளில்லாமல் பாட வரவில்லை என்றாள் டொலறஸ். "அண்ணை, நீங்கள் வந்து முன்னுக்கு இருங்கோ. உங்களை அம்மாவெண்டு நினைச்சுப் பாடுறன்." ஒரு மரக்கதிரையைக் கொண்டுவந்து போட்டார்கள். இருந்தேன். மூன்று அடி தூரத்தில், என் கண்ணைப் பார்த்து, சிரித்துக்கொண்டு பாடினாள்.

*சாப்பிட்டியோ அம்மா, சாப்பிட்டியோ?*
*இஞ்ச மழை, அங்க வெயிலோ?*
*கதவடியில நிக்காத, நான் வருவன்,*
*சாப்பிட்டியோ?*

இரண்டாம் தரம் 'சாப்பிட்டியோ' என்று கேட்டபோது என்னால் இருக்க முடியவில்லை. எழும்பவும் முடியவில்லை. கொஞ்சம் அசைந்தேன். கதிரை முனகியது.

பாட்டு முடிந்ததும் இன்னொரு தரம் எடுப்போம் என்றார் கொலின். வேண்டாம் என்றாள் டொலறஸ். "இருக்கட்டும். அம்மா இருக்கிற மாதிரி இருக்கு."

பிறகு ஒரு பத்திரிகைக்காரர் அந்தச் சத்தத்தைத்தான் மெச்சினார். தட்டு முழுவதிலும் வீடு இருப்பது அந்த ஒரு முனகலில்தான் என்று எழுதினார். அதை வாசித்தபோது டொலறஸுக்கு எல்லாம் தெரிந்துவிட்டிருந்தது. எடுத்துவிடச் சொல்லி அவள் ஒருநாளும் கேட்கவில்லை.

ஸ்டீல் கிற்றார் இழுபட்டது. முதல் 'சாப்பிட்டியோ' வந்தது. ஊசி வழக்கமான இடத்துக்கு வந்தது.

இரண்டாவது 'சாப்பிட்டியோ'வுக்கும் அடுத்த வரிக்கும் இடையில், கதிரை ஒருமுறை முனகியது.